கிடாவெட்டுக் காட்சிக்கு நீலாம்பரி வைத்தேன். வெளிப்படையாகச் சொல்லுங்கள்

#1 கித்தாமரத்தடி
பினாங்கு, ஞாயிறு இரவு 11:40

வணக்கம். நேற்று ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் என் குறும்படத்தைப் போட்டோம். 11 நிமிடம். வசனம் கிடையாது. கதை என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை. முப்பது பேர் வந்திருந்தார்கள். நான்காவது நிமிடத்தில் ஆறு பேர் எழுந்து போய்விட்டார்கள். விளக்குப் போட்டதும் ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்தார். "சாமியையும் அசிங்கப்படுத்திட்ட, சங்கீதத்தையும் அசிங்கப்படுத்திட்ட" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

படம் இதுதான். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் தாத்தா அங்கே பால் வெட்டினார். தோட்டத்து முனீஸ்வரன் கோயிலில் முப்பது வருடத்துக்கு மேல் பூசாரியாகவும் இருந்தார். தோட்டம் கைமாறிவிட்டது. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இப்போது நான்கு குடும்பம்தான் மிச்சம். கோயிலை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பி வந்து கடைசியாக ஒரு பூசை போட்டார்கள். கிடா வெட்டினார்கள். தாத்தாவுக்கு இரண்டு அடி தூரத்தில் நான் கேமராவோடு நின்றேன்.

கிடாவின் கண், பாராங்கத்தி, தாத்தாவின் கை நரம்பு, மண்ணுக்குள் ரத்தம் இறங்குவது எல்லாம் மிக அருகில் வரும். அன்று அங்கே இருந்த உறுமிச் சத்தம், ஜனங்களின் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரைக்கும் வீணையில் தாலாட்டு ராகமான நீலாம்பரி மட்டும். பக்கத்து வீட்டு அக்கா எனக்காக வாசித்துக் கொடுத்தார்.

ஏன் நீலாம்பரி என்றால், சின்ன வயதில் எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் தாத்தாதான் முதுகில் தட்டித் தூங்க வைப்பார். அதே கை. அந்தக் கையையும் இந்தக் கையையும் ஒரே இடத்தில் வைக்க நினைத்தேன். அதிர்ச்சி கொடுப்பதற்காகச் செய்யவில்லை. படத்தின் இணைப்பு உறுப்பினர் பகுதியில் இருக்கிறது. ராகத்தை மாற்றவேண்டுமா, காட்சியையே எடுத்துவிடவேண்டுமா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


#2 பழையரீல்
கோலாலம்பூர், திங்கள் காலை 8:05

பார்த்தேன். இரண்டு தடவை. ஆறு பேர் எழுந்து போனதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்த வகைப் படங்களின் கதையே இப்படித்தான் ஆரம்பித்தது. 1929 ஜூனில் பாரிஸில் லூயிஸ் புனுவெல் தன் முதல் படத்தைத் திரையிட்டார். சல்வடோர் டாலியோடு சேர்ந்து எழுதியது. ஆரம்பத்திலேயே ஒரு பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தியால் அறுக்கிற காட்சி வரும். உண்மையில் அறுபட்டது செத்துப்போன கன்றுக்குட்டியின் கண். மௌனப்படம். புனுவெல் திரைக்குப் பின்னால் கிராமபோனை வைத்துக்கொண்டு தானே இசைத்தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' ஓபரா இசை கொஞ்ச நேரம், அப்புறம் அர்ஜென்டினா டாங்கோ, திரும்பவும் வாக்னர். ஜனங்கள் அடிக்க வந்தால் எறிவதற்குச் சட்டைப்பையில் கற்களைப் போட்டு வைத்திருந்ததாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். கற்களுக்கு வேலை வரவில்லை, கைதட்டினார்கள். 1960இல் அதே இசையை அவர் மேற்பார்வையில் படத்தோடு சேர்த்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது டாங்கோதான். வாக்னர் மட்டும் இருந்திருந்தால் "பெரிய காதல், பெரிய சாவு" என்று படம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் டாங்கோ வந்து அந்தச் சாய்வை உடைக்கிறது. உங்கள் நீலாம்பரி 11 நிமிடமும் உடையவே இல்லை. முதல் நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது: தாலாட்டு, கத்தி. மிச்சம் 10 நிமிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒலி வந்த புதிதில், 1928இல், சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாண்ட்ரோவ் மூன்று பேரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ஒலி, படத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடாது, அதோடு மோதவேண்டும் என்பது அதன் சாரம். கொடூரக் காட்சிக்கு இனிமையான இசை என்று நேரெதிராக வைத்துவிட்டால் மோதல் வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதுவும் வால்தான், தலைகீழாகப் பிடித்த வால்.


#3 லயத்துவீடு
சுங்கைப் பட்டாணி, திங்கள் மதியம் 1:20

தம்பி, நான் சண்டைக்கு வரவில்லை. எனக்கு 67 வயது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். படத்தைப் பேரன் போட்டுக் காட்டினான்.

உங்கள் தாத்தாவைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. அவர் கத்தி பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது, தெரிந்த கை. ஆனால் உறுமியை எடுத்துவிட்டீர்களே. முனியாண்டியைக் கூப்பிடுவதே உறுமிதான். அந்த வளைந்த குச்சி தோலில் தேயும்போது ஒரு முனகல் வரும் பாருங்கள், அது வந்தால்தான் எங்கள் பக்கம் சாமி இறங்கும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அங்கே சாமி இல்லை. ஒரு கிழவர் ஓர் ஆட்டை வெட்டுகிறார், அவ்வளவுதான். உங்களிடம் பேசிய பெரியவருக்கும் அதுதான் வலித்திருக்கும்.


#4 பத்துமலைப்படி
கோலாலம்பூர், திங்கள் மாலை 6:48

ஐயா சொன்னதை நான் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அண்ணன் பல வருடமாக அலகுக் காவடி எடுக்கிறான். ஒரு தைப்பூசத்துக்குப் பிறகு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பத்துமலையில் எடுத்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டி, மேலே மேல்நாட்டுத் தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு கோரஸ். கன்னத்தில் வேல் குத்தியவர்கள், முதுகில் கொக்கி மாட்டியவர்கள் என்று வரிசையாக முகங்கள்.

எனக்கு அலகு புதுசு இல்லை, பயமும் இல்லை. வருடா வருடம் அண்ணன் பின்னாலேயே எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டு 272 படி ஏறுகிறவள். அந்த வீடியோவில் மட்டும் எனக்கு வயிறு கலங்கியது. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். கூட வருகிறவர்களின் குரலே அதில் இல்லை. "வேல் வேல்" இல்லை. அம்மா "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள், அது இல்லை. அந்தக் குரல்கள்தான் அவனைத் தாங்கிக்கொண்டு போகின்றன. குரலை எடுத்துவிட்டால் வேல் குத்தின ஓர் உடம்புதான் தனியாக நிற்கிறது. மேலே எவ்வளவு உயர்ந்த இசையைப் போட்டாலும் அந்த உடம்புக்குத் துணை வராது.

உங்கள் தாத்தாவும் அந்தப் படத்தில் தனியாக நிற்கிறார். நீங்கள் அவருடைய பேரன், வெளியாள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.


#5 தந்திமீட்டி
பிரிக்பீல்ட்ஸ், திங்கள் இரவு 9:30

வீணை சொல்லிக் கொடுக்கிறவள் நான், 35 வருடமாக. வாசித்த பெண்ணுக்கு முதலில் என் பாராட்டு. விரல் சுத்தம், இழுப்பில் அவசரம் இல்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தாலாட்டு யாருக்கு? ஆட்டுக்கா, தாத்தாவுக்கா, படம் பார்க்கிற எங்களுக்கா? நீலாம்பரி என்பது ஒரு நிறம் மாதிரி எங்கே வேண்டுமானாலும் பூசுகிற விஷயம் இல்லை. அது எதிரே ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு பாடுவது. ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும், கொஞ்சம் ஆடும், இறங்கும். தொட்டில் ஆட்டுகிற கைக்குத் தெரியும் அந்த அசைவு. உங்கள் படத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ராகம் தேடிக்கொண்டே அலைகிறது. ஆட்டுக்கு என்றால் அது பொய். சாகப்போகிற உயிரிடம் தூங்கு என்று சொல்கிறோம். எங்களுக்கு என்றால் இன்னும் மோசம், பார்க்காதே, கண்ணை மூடிக்கொள் என்று சொல்கிற மாதிரி ஆகிறது. நீங்கள் அவ்வளவு பக்கத்தில் கேமராவை வைத்ததே நாங்கள் பார்க்கவேண்டும் என்றுதானே?

சாஸ்திரிய சங்கீதத்தைப் படத்தில் வைக்கிற பிள்ளைகள் என்னிடம் வரும்போதெல்லாம் "டீச்சர், சோகத்துக்கு என்ன ராகம்" என்றுதான் கேட்கிறார்கள். முகாரி என்று உடனே சொல்லிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தியாகராஜர் முகாரியில் 'எந்தனினே' என்று சபரியின் பாக்கியத்தைப் பாடியிருக்கிறார். ராமனைக் கண்ணாரப் பார்த்து, பழம் கொடுத்து, மெய்சிலிர்த்து நின்றவளின் சந்தோஷம் அது. அழுகை ராகம் என்று நாம் ஒட்டிவைத்த சீட்டை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ராகம் என்ன உணர்ச்சி என்று கேட்பதைவிட, யாரைப் பார்த்து வாசிக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வரும்.


#6 கித்தாமரத்தடி
திங்கள் இரவு 11:15

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தாவை நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எடிட்டில் உட்கார்ந்தபோது எங்கேயோ ஆட்டுக்கு என்று ஆகிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை.

அக்கா, உங்கள் அண்ணன் வீடியோவைப் பற்றிப் படித்துவிட்டு உறுமியை ஏன் எடுத்தேன் என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன். உறுமி இருந்தால் இது ஏதோ திருவிழா வீடியோ மாதிரி இருக்கும், வீணை இருந்தால் கலைப்படம் மாதிரி இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.


#7 ஒலிமேசை
பெட்டாலிங் ஜெயா, செவ்வாய் அதிகாலை 2:10

ஒலிக்கலவை செய்கிறேன், விளம்பரம், நாடகம், எப்போதாவது குறும்படம். உங்கள் படத்தை ஸ்டூடியோ ஸ்பீக்கரில் ஒரு தடவையும் என் மடிக்கணினியிலேயே ஒரு தடவையும் கேட்டேன். இரண்டும் வேறு வேறு படம்.

வீணையில் ஒரு மீட்டு, அப்புறம் அந்த ஒரே மீட்டின் நாதத்தை வைத்துக்கொண்டு தந்தியை இழுத்து இழுத்து கமகம் வரும், இல்லையா? மீட்டு சத்தமாக இருக்கும். பின்னால் வருகிற இழுப்பு அதைவிடப் பலமடங்கு மெல்லிசு. ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடி என்கிறீர்கள். மேலே விசிறி ஓடியிருக்கும், கீழே ரோட்டில் மோட்டார் போயிருக்கும். இழுப்பு முழுக்க அந்த இரைச்சலில் மூழ்கி, மீட்டு மட்டும் டிங், டிங் என்று கேட்டிருக்கும். சின்ன ஸ்பீக்கரில் மந்தரத் தந்தியின் அடித்தளமும் வராது. ஆக, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நீலாம்பரியைக் கேட்கவே இல்லை. ரத்தத்தின் மேல் யாரோ சொட்டுச் சொட்டாகக் குத்துகிற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். சங்கீதத்தை அசிங்கப்படுத்திவிட்டாய் என்று அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி இதுவாக இருக்கலாம்.

இன்னொன்று. 4 நிமிடம் 6 விநாடியில் கத்தி இறங்கும்போது மிகச் சரியாக ஒரு மீட்டு விழுகிறது. வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா? காட்சியில் ஓர் அசைவும் ஒலியில் ஓர் அடியும் ஒரே ஃபிரேமில் விழுந்தால் மூளை இரண்டையும் ஒட்டிவிடும். அந்த மீட்டுதான் வெட்டினது என்று உடம்பு நம்பிவிடும். பிரெஞ்சுக்காரர் மிஷேல் சியோன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். காட்சியில் எது நடந்தாலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிற இசை ஏன் நம்மை உலுக்குகிறது என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உலகம் நிற்கவில்லை என்று அது காட்டுகிறது. ஆனால் தன்பாட்டுக்கு ஓடவேண்டும் என்றால் வெட்டோடு ஒட்டக்கூடாது. ஒட்டின நொடியிலேயே வீணை கத்தியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. என் கணிப்பு, ஆறு பேர் எழுந்தது அந்த ஒரு மீட்டுக்காக. எட்டு ஃபிரேம் தள்ளி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.


#8 முருங்கைக்கீரை
பட்டர்வொர்த், செவ்வாய் காலை 10:02

நான் சைவம். பலி பூசையே வேண்டாம் என்று நினைக்கிறவள். இங்கே எல்லாரும் இசையைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்தக் கிடாவின் கண்தான் நிற்கிறது. அது 14 விநாடி நேராகக் கேமராவைப் பார்க்கிறது. எண்ணினேன்.

இருந்தாலும் காட்சியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த 14 விநாடி உண்மையானது. அதன் மேல் இனிமையாக எதையாவது பூசினால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பூசாமல் பார்க்கவிட்டிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், ஆனால் உங்கள் மேல் கோபம் வந்திருக்காது.


#9 செந்தூல்பையன்
செந்தூல், செவ்வாய் மதியம் 12:45

மேல்நாட்டு சாஸ்திரிய இசையை வைத்துப் பார்க்கலாமே? நம் ராகத்துக்கு நம் ஆட்களிடம் ஏற்கெனவே அர்த்தம் இருக்கிறது, அதனால்தான் சண்டை. பாக்கின் ஐந்தாவது செல்லோ சூட்டில் சரபாண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஸ்வரக்கூட்டே இல்லாமல் ஒற்றை ஒற்றை ஸ்வரமாகப் போகும். தனியாக நடக்கிற மாதிரி இருக்கும். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்பரின் அடாஜியோ மட்டும் வேண்டாம், அதை எங்கே கேட்டாலும் இப்போது போர்ப்படம்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் உரிமை விஷயத்தைப் பாருங்கள். பாக் போய் 270 வருடத்துக்கு மேல் ஆகிறது, தியாகராஜர் போனது 1847இல், பாட்டு யாருக்கும் சொந்தம் இல்லை. ஒலிப்பதிவு வேறு. நம் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குத் தனியாக 50 வருடம். யூடியூபில் இருந்து எடுத்து வைத்துவிட்டு விழாவுக்கு அனுப்பினால் மாட்டுவீர்கள். பக்கத்து வீட்டு அக்காவை வாசிக்கச் சொன்னது நல்ல வேலை. அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


#10 பழையரீல்
செவ்வாய் இரவு 10:20

செந்தூல் தம்பிக்கு: பாக்கும் வெறும் காகிதம் இல்லை. செக் நாட்டு யான் ஷ்வாங்க்மாயர் 1965இல் பாக்கின் ஜி மைனர் ஃபேன்டசியா ஆர்கன் இசையை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். பழைய சுவர்கள், பூட்டுகள், துருப்பிடித்த கதவுகள், உரிந்த காரை, திறந்துகொள்கிற ஓட்டைகள். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. பார்த்து முடிக்கும்போது நெஞ்சு படபடக்கும். அங்கே இசைதான் முதலில் வந்தது, காட்சிகள் அந்த இசையின் எலும்புக்கூட்டில் தொங்குகின்றன. நம் நண்பரிடம் காட்சி முதலில் வந்துவிட்டது, இசை பின்னால் வந்தது. அதனால் அந்த வழி இங்கே உதவாது.

கிடாவெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் ஃபிரான்ஜு 1949இல் எடுத்தது, பாரிஸில் ஆடு மாடு வெட்டுகிற கொட்டில்களைப் பற்றி. ஒரு வெள்ளைக் குதிரை மடங்கி விழுவதைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. இசை ஜோசப் கொஸ்மா. படம் கறுப்பு வெள்ளை. ரத்தத்திலிருந்து ஆவி எழும்புவது ஏதோ பனிமூட்டம் மாதிரி இருக்கும், அதனால்தான் கண்ணைத் திருப்பாமல் பார்க்க முடிகிறது. உங்கள் படத்தில் நிறத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் காவி, மஞ்சள், சிவப்பு இல்லாமல் முனீஸ்வரன் ஏது. பார்க்கிறவரைக் கடைசி வரைக்கும் நாற்காலியில் உட்கார வைப்பதற்கு அந்த ஆள் என்ன பாடுபட்டார் என்பதற்காகச் சொன்னேன்.

அதே வேலையை நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் படத்தில் ஹான்ஸ் ஐஸ்லரின் இசை செய்யும். 32 நிமிடம். காட்சி தாங்க முடியாமல் போகிற இடத்தில் இசை பெருகவே பெருகாது, இளைத்துவிடும். ஒரு குழல், கொஞ்சம் தந்தி. நம் டீச்சர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. அந்த இசை செத்தவர்களைப் பார்த்தும் வாசிக்கவில்லை, கொன்றவர்களைப் பார்த்தும் வாசிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பார் என்கிறது.

அப்புறம் ஸ்டேன் பிராக்கேஜ். 1971, பிட்ஸ்பர்க் பிணவறை, உடற்கூறு ஆய்வு. அதுவும் 32 நிமிடம். ஒலியே இல்லை. முதல் தடவை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தம்தான் அந்தப் படத்தின் ஒலி. முருங்கைக்கீரை அம்மா சொன்ன 14 விநாடிக்கு எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.


#11 லயத்துவீடு
புதன் காலை 7:15

இதெல்லாம் பெரிய விஷயம், எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் தம்பி, ஒன்று கேட்கவேண்டும் என்று இரண்டு நாளாக மனசில் இருக்கிறது. தண்ணி தெளிக்கிறதை ஏன் போடவில்லை?

வெட்டுவதற்கு முன்னால் கிடா தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள் அல்லவா. ஊற்றிவிட்டு எல்லாரும் நிற்போம். ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. சிலுப்பாமல் வெட்டக்கூடாது. சில நேரம் உடனே சிலுப்பும். சில நேரம் சும்மா நிற்கும். எங்கள் தோட்டத்தில் அப்போது உறுமிக்காரர் குச்சியைத் தோலிலிருந்து எடுத்துவிடுவார். ஒரு சத்தம் இருக்காது. குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்கள். ஏதாவது குறை இருக்கிறதோ, யார் என்ன தப்புப் பண்ணினார்களோ என்று ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ளே தேடுவார்கள். நான் 12 வயதில், அம்மாவிடம் சொல்லாமல் எடுத்த இருபது காசை நினைத்துக்கொண்டு நடுங்கினேன்.

வெட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை. எங்களுக்கு அந்த நிற்கிறதுதான் பூசை. உங்கள் படத்தில் அது இல்லவே இல்லை.


#12 ஒலிமேசை
புதன் காலை 9:50

ஐயா எழுதினதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவே மனசு வரவில்லை. கித்தாமரத்தடி, அந்த ஷாட் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அன்றைய ஒலியோடு வேண்டும், கேமரா மைக்கில் பதிந்திருந்தாலும் பரவாயில்லை.


#13 கித்தாமரத்தடி
புதன் இரவு 11:55

இருக்கிறது. ஹார்ட்டிஸ்கில் தேடி எடுத்தேன். "ஒன்றும் நடக்கவில்லை" என்று ஓரமாகப் போட்டு வைத்திருந்த ஷாட். 1 நிமிடம் 12 விநாடி. ஒரே கட், கேமரா ஆடவில்லை. கிடா நனைந்து நிற்கிறது. காதோரத்தில் மஞ்சத்தண்ணி சொட்டுகிறது. பின்னால் யாரோ ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார். கத்தி தாத்தாவின் காலோரத்தில் கீழ்நோக்கி இருக்கிறது. ஒலியில் காற்று, தூரத்தில் லாரி ஒன்று, என் மூச்சு. அப்புறம் கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஓர் உதறு உதறுகிறது, தண்ணி லென்ஸில் தெறிக்கிறது, உறுமி வெடிக்கிறது.

இதைப் போய் நான் எடுத்துவிட்டேன். இன்றைக்கு முழுக்க அதையே ஓட்டிக்கொண்டிருந்தேன்.


#14 சட்டப்புத்தகம்
கோலாலம்பூர், வியாழன் மதியம் 2:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் யாராவது சொல்லவேண்டும். 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் அனுமதி இல்லாத படத்தைத் திரையிடுவதே குற்றம். கடைவீட்டு மாடி, தெரிந்தவர்கள், இலவசம் என்பதெல்லாம் கேடயம் ஆகாது. 2013இல் கோலாலம்பூரில் இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் போட்டதற்காக ஒரு மனித உரிமை அமைப்பின் ஊழியர் மேல் வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். நம் ஆட்களின் சாவைக் காட்டின படம் அது. அன்றிலிருந்து நானும் என் நண்பர்களும் சின்னத் திரையிடலுக்குக்கூட முன்னாலேயே விண்ணப்பம் போட்டுவிடுகிறோம். அடுத்த தடவை போடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். ரத்தக் காட்சி இருக்கிறது என்று வாசலிலேயே எழுதியும் வையுங்கள். பெரியவர்கள் வருகிறார்கள், குழந்தைகள் வருகிறார்கள்.


#15 கித்தாமரத்தடி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:20

புது எடிட் முடிந்தது. 9 நிமிடம் 40 விநாடி. தணிக்கைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டேன். என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், உங்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

முதலில் அந்த 1 நிமிடம் 12 விநாடியின் மேல் வீணையை வைத்துப் பார்த்தேன். காத்திருப்புக்குத் தாளம் இல்லாத ஆலாபனை பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தவில்லை. கிடா சிலுப்புமா சிலுப்பாதா என்ற பயமே போய்விட்டது. முதல் மீட்டு விழுந்ததுமே எல்லாம் நல்லபடி முடியும் என்று வீணை சொல்லிவிடுகிறது. எடுத்துவிட்டேன். இப்போது அங்கே காற்றும் லாரியும் என் மூச்சும்தான். என் மூச்சைக் குறைக்கலாமா என்று ஒலிமேசை அண்ணனிடம் கேட்டேன், தொடவே கூடாது என்றார்.

கிடாவின் கண் 14 விநாடி அப்படியே இருக்கிறது, இசை இல்லாமல். வெட்டு இப்போது அன்றைய உறுமியோடும் குலவையோடும் வருகிறது. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவு அருகில் இல்லை. சுற்றி நிற்கிற ஜனங்கள் எல்லாரும் தெரிகிற பெரிய ஷாட்டைப் போட்டிருக்கிறேன்.

நீலாம்பரி கடைசியில்தான் வருகிறது. எல்லாம் முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தியைக் கழுவுகிறார். சாம்பலைத் தொட்டுத் தேய்க்கிறார், விரல் இடுக்கைத் தேய்க்கிறார், திரும்பக் கத்தியைத் தேய்க்கிறார். முதல் எடிட்டில் இது 6 விநாடி. இப்போது 2 நிமிடம். அவர் தண்ணீரை நிறுத்தின பிறகுதான் வீணை ஆரம்பிக்கிறது. டீச்சர், யாருக்கு என்று கேட்டீர்களே. அவருக்கு. பக்கத்து வீட்டு அக்கா அதைப் புதுசாக வாசித்தார், தாத்தாவின் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே. பழைய பதிவைவிட மெதுவாக வந்திருக்கிறது. இரண்டு இடத்தில் இழுப்பு அடங்கும் வரைக்கும் அடுத்த மீட்டைப் போடாமல் காத்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் பெஞ்சைப் போட்டு மடிக்கணினியில் தாத்தாவுக்குக் காட்டினேன். நல்ல ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். தண்ணி தெளித்துவிட்டு நிற்கிற இடம் வந்ததும் கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கிடா சிலுப்பினதும்தான் விட்டார். "இவ்ளோ நேரமா நின்னுச்சு?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லையாம், இரண்டு மூச்சு நேரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். அப்புறம் குழாயடியைப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி, "நான் ரெண்டாவது தரமும் தண்ணி ஊத்துனேனே, அத காணோமே" என்று கேட்டார். நான் கேமராவை ஓடவிட்டது அதற்கு அப்புறம்தான் போலிருக்கிறது. யாராவது போனில் எடுத்திருக்கிறார்களா என்று பூசைக்கு வந்த எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


#16 தந்திமீட்டி
ஞாயிறு இரவு 8:05

பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடத்தை மூன்று தடவை கேட்டேன். அந்தப் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுங்கள். கோலாலம்பூர் வந்தால் என் வீட்டில்தான் தங்கவேண்டும்.


#17 லயத்துவீடு
திங்கள் காலை 6:50

தம்பி, அனுமதி வந்து படம் போடும்போது எனக்கும் சொல்லுங்கள். பேரன் காரில் கூட்டிக்கொண்டு வருவான். ஆனால் மாடி என்றால் எனக்கு முட்டி ஒத்துழைக்காது.


#18 கித்தாமரத்தடி
திங்கள் காலை 7:30

கீழேயே போடுகிறோம் ஐயா. கடை முன்னாலேயே இடம் இருக்கிறது. விசிறியை நிறுத்திவிடுவேன், கொஞ்சம் வேர்க்கும், கைவிசிறி கொண்டுவாருங்கள். தாத்தாவும் வருகிறார். அவர் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.